ட்ரையாஜ் (சிகிச்சை முன்னுரிமை)

போரிலோ பெருவிபத்திலோ காயம்பட்டவர்கள் மருத்துவர்களின் கைக்கு மிஞ்சிக் குவியும்போது, யாரை முதலில் கவனிப்பது என்று பிரித்தறியும் முறை. இதன் தந்தை, நெப்போலியன் படையின் தலைமை அறுவை மருத்துவர்களில் ஒருவரான தொமினிக் ழான் லாரே (1766–1842).

அவருக்கு முன்பு, அடிபட்ட சிப்பாய் சண்டை ஓயும்வரை களத்திலேயே கிடக்க வேண்டியதுதான். மருத்துவ வண்டிகள் சில கிலோமீட்டர் பின்னால் நின்றன. அவை வந்து சேர்வதற்குள் ரத்தம் வடிந்து பலர் இறந்தார்கள். 1792இல் ரைன் படையில் இருந்த லாரே, குதிரை பூட்டிய இலகுவான 'பறக்கும் ஆம்புலன்ஸ்' வண்டிகளைக் களத்துக்குள்ளேயே ஓட்டும் யோசனையை முன்வைத்தார். இருசக்கர வண்டியில் இருவர் படுக்கலாம். மெத்தையிட்ட தளம் உருளைகளின் மேல் நகரும். காயம்பட்டவரைக் குலுக்காமல் ஏற்றி இறக்கலாம். எகிப்துப் படையெடுப்பில் குதிரைக்குப் பதில் ஒட்டகங்களின் இருபுறமும் கூடைகளைக் கட்டிப் பயன்படுத்தினார்.

வண்டியைவிடப் பெரியது அவர் வகுத்த விதி. பதவியையோ அந்தஸ்தையோ பாராமல், காயம் எவருக்கு ஆபத்தானதோ அவருக்கே முதல் சிகிச்சை என்று 1812 ரஷ்யப் படையெடுப்பைப் பற்றிய நினைவுக்குறிப்பில் எழுதினார். தளபதியும் சிப்பாயும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான நீதி. அதே படையெடுப்பில், பொரொதினோ போரின்போது 24 மணி நேரத்தில் சுமார் 200 உறுப்பு நீக்க அறுவைகளைச் செய்தார்.

1846இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜான் வில்சன், பிழைக்க வாய்ப்பற்றோரையும் சிறுகாயத்தாரையும் காத்திருக்க வைக்கலாம் என்றார். கிரிமியப் போரில் ரஷ்ய மருத்துவர் பிரோகோவ் காயமுற்றோரை ஐந்து பிரிவாக்கினார். இரண்டும் லாரே போட்ட பாதையின் நீட்சியே.

1983இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவான 'ஸ்டார்ட்' முறை இதை ஒரு நிமிடத்துக்குள் முடியும் சோதனையாக்கியது. நடக்க முடிந்தவர்களை முதலில் ஓரிடத்துக்கு வரச் சொல்வார்கள். அவர்களுக்குப் பச்சை அட்டை. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினாலோ, மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலோ, 'கையை அழுத்துங்கள்' என்றால் செய்ய முடியாவிட்டாலோ சிவப்பு. மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு. எஞ்சியோருக்கு மஞ்சள்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகள் உள்ளன.