ஆம்ப்ளிஃபயரும் அம்மாவும்

"லேடீஸுக்கு இந்த ஹை-ஃபை சமாச்சாரம் எல்லாம் பிடிபடாதுங்க." பீர்க்கன்கரணையில் ஒரு நண்பர் வீட்டில் கேட்ட வசனம் இது. மனுஷன் புதுசா ஸ்பீக்கர் வாங்கியிருந்தார். காபி கொண்டு வந்த அவர் மனைவி ஒண்ணும் சொல்லாம உள்ளே போயிட்டாங்க. நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே... சரித்திரம் வேற மாதிரி சொல்லுது சாமி!

1902-ல் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து இசைத்தட்டுப் பதிவை ஆரம்பித்தார். அவர் பிடித்த பெரிய நட்சத்திரம் கௌஹர் ஜான், ஒரு பெண். அப்போ மைக் கிடையாது. மைக் வைத்துப் பதியும் முறை 1925-ல்தான் வந்தது. புனல் மாதிரி ஒரு குழாய் முன்னால் நின்று உரக்கப் பாடணும். தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான், ராகமும் பாட்டும் அதுக்குள்ள அடங்கணும். ஆண் வித்வான்கள் பலர் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்துத் தயங்கினார்கள். நம்ம பக்கம் துணிந்து பாடியவர்களில் கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் எல்லாம் உண்டு. புது மெஷினுக்கு எப்படிப் பாடணும்னு கண்டுபிடிச்சதே இவங்கதான்.

இந்தத் தாயியின் தட்டைக் கேட்டுக் கிறுகிறுத்துப் போனவர் மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர். 1912-ல் இந்தியாவுக்கும் வந்தார். தாயியின் பாட்டை வைத்து 'ராகமாலிகா' என்று ஒன்றை எழுதினார். அதில் பியானோவின் ஒரு தந்திக்கடியில் அட்டையைச் செருகச் சொல்கிறார், நம்ம தாள வாத்தியம் மாதிரி கேட்கணுமாம்! ஆடியோ பைத்தியத்தின் லட்சணம் இதுதானே? கேட்ட சத்தத்தை மறுபடி அப்படியே வரவழைக்கணும்.

அப்புறம் எப்படி இது ஆம்பளைங்க பொழுதுபோக்கு ஆச்சு? 1948-ல் அமெரிக்காவில் எல்.பி. தட்டு வந்தது. 50-களில் ஹை-ஃபை என்றால் ஆம்ப்ளிஃபயர், ஒயர், சால்டரிங் என்று ஆகி, வீட்டுத் தலைவரின் மூலையாக மாறிவிட்டது. 1983-ல் ஸ்டீரியோபைல் பத்திரிகையில் 'மனைவி சம்மதிக்கும் அளவு' என்று ஒரு கிண்டல் அளவுகோலே வந்தது. அதாவது, பொண்டாட்டி பார்ப்பது ஸ்பீக்கரின் அழகை மட்டும்தானாம். காது கிடையாது போல!

இங்கே கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். எங்க வீட்டு டேப் டெக்கை அப்பாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. மேலே பூவேலை போட்ட துணி வேற. ஒருநாள் அம்மா அடுக்களையிலிருந்தே குரல் குடுத்தாங்க: "பாட்டு மூக்கடைச்ச மாதிரி இருக்கு, ஹெட்டைத் துடைங்க." அப்பா நம்பலை. ரெண்டு நாள் கழிச்சு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பஞ்சு பழுப்பாக வந்தது. ஜால்ரா சத்தம் திரும்ப கணீர்னு கேட்டுச்சு. கேசட் கடையில் பதியக் குடுக்கும் பாட்டு லிஸ்ட் எழுதுவதும் அம்மாதான். டெக் மட்டும் அப்பாவோடது.

எனக்குப் புரிஞ்சது இதுதான்: இந்தப் பைத்தியத்துக்கு மூலகாரணம் மெஷின் இல்லை. இங்கே இல்லாத ஒரு ஆள் பக்கத்தில் நின்னு பாடற மாதிரி இருக்கணும் என்கிற ஏக்கம். அதுக்கு ஆண், பெண் ஏது? ரிமோட் யார் கையில் என்பதுதான் வித்தியாசம்.

கிளம்பும்போது நண்பர் மனைவி மெதுவா சொன்னாங்க: "இடது பக்க ஸ்பீக்கர் லேசா கரகரங்குது, கவனிச்சீங்களா?"

நண்பர் ஒயரைத் தேட ஆரம்பிச்சார்.