மின் கித்தார் தொகுப்பு

மின் கித்தார் தொகுப்பு என்பது வாங்குபவர் தாமே பொருத்திக்கொள்ளும் வகையில் உதிரிப் பாகங்களாக விற்கப்படும் மின் கித்தார் ஆகும். மர உடல், மெட்டுகள் பதித்த கழுத்து, குதிரை, பிருடைகள், பிக்கப் எனப்படும் காந்த ஒலியுணரிகள், தந்திகள் ஆகியன இதில் அடங்கும். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950 இல் வெளியிட்ட திண்ம உடல் கித்தாரில் கழுத்து ஒட்டப்படாமல் திருகுகளால் இணைக்கப்பட்டது. பல தொகுப்புகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

பொருத்துதல்

மெருகிடும் முன்பே பாகங்களைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். கழுத்தின் உச்சியிலுள்ள தந்தித் தாங்கியிலிருந்து 12 ஆம் மெட்டு வரையிலான தொலைவும், அங்கிருந்து குதிரை வரையிலான தொலைவும் ஏறத்தாழச் சமமாகும். தந்தி நீளம் 648 மி.மீ. எனில் இது 324 மி.மீ. ஆகும். குதிரை இடம் மாறினால், திறந்த தந்தியில் சுருதி சேர்ந்தாலும் மெட்டுகளில் சுரம் பிசகும். குதிரையின் திருகுகளால் சில மில்லிமீட்டர் பிழையை மட்டுமே திருத்த இயலும்.

மெருகிடல்

உடலை உப்புத்தாளால் மர இழையின் போக்கில் தேய்த்த பின் மெருகு பூசப்படுகிறது. கழுத்து அமரும் குழியில் மெருகு படியக்கூடாது. திருவண்ணாமலை போன்ற ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரப்பதம் மிகுதி. அப்போது பூசப்படும் நைட்ரோசெல்லுலோசு மெருகில் வெண்படலம் தோன்றக்கூடும். எனவே வறண்ட நாட்களே ஏற்றவை.

மின் இணைப்பு

இறுதியாக ஒலியுணரிகளின் கம்பிகள் பற்றவைக்கப்படுகின்றன. குதிரையிலிருந்து செல்லும் நிலக்கம்பி விடுபட்டால் ஒலிபெருக்கியில் இரைச்சல் மிகும்.