நூரளையின் பருவம்

கொழும்பை அடுத்த கொலன்னாவைச் சந்தையிலே லீக்ஸ் வாங்குகிற எங்கள் வீட்டுப் பெண்கள், அதன் வேரில் ஒட்டியிருக்கும் கரிய மண்ணை வாசற்படியிலேயே உதறிவிட்டுத்தான் கட்டை உள்ளே எடுத்துச் செல்வார்கள். உதிர்ந்து கிடக்கும் அந்த மண்ணை விரல்களுக்கிடையே வைத்து நசுக்கிப் பார்ப்பது சிறு வயதில் எனக்கு ஒரு விளையாட்டு. சதுப்பும் களியுமாய்க் கிடக்கும் எங்கள் ஊர் மண்ணைப் போலன்றி, அது பொலபொலவென்று உதிரும். மக்கிய இலையின் வாசனை அதில் இருக்கும். "நூரளை மண், தம்பி" என்பார் மரக்கறிக்காரர். நுவரெலியா என்னும் பெயரை மலைநாட்டுத் தமிழ் ஜனங்கள் அவ்வாறுதான் திரித்து வழங்குகிறார்கள். நூறு மைலுக்கு அப்பாலிருந்து, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து, இரவோடிரவாக லொறியில் இறங்கி வருகிற அந்த மண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை எழுதி வைத்தவர்களில் அநேகர் வருஷத்தில் இரண்டொரு மாதங்கள் மாத்திரமே அங்கே தங்கியவர்கள். மிகுதி மாதங்களிலும் அங்கேயே வாழ்ந்து அங்கேயே மடிந்தவர்களுக்கு அவர்களுடைய ஏடுகளில் இடம் கிடைக்கவில்லை. இக்கட்டுரையை நான் எழுதப் புகுந்ததற்கு அதுவே காரணம்.

இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 8,281 அடி உயர்ந்து நிற்க, அதன் அடிவாரத்திலே நாற்புறமும் மலை சூழ்ந்த ஒரு தட்டான வெளியில் அமைந்திருக்கிறது இந்நகரம். சீதாபிராட்டி சிறையிருந்த அசோகவனம் இப்பிரதேசமே என்னும் ஐதிகம் சீதாஎலியவில் உள்ள அம்மன் கோயிலைச் சுற்றி இன்றும் நிலவுகிறது. ஆனால் ஆங்கிலேயரின் ஏடுகளில் இவ்வூரின் கதை 1819இல்தான் ஆரம்பமாகிறது. 1815இல் கண்டி இராச்சியம் அவர்கள் வசமாயிற்று. 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மூண்ட கிளர்ச்சியை அவர்கள் நெருப்பாலும் பட்டினியாலும் அடக்கினார்கள். 1819இல் இராணுவ வைத்தியராகிய ஜோன் டேவி இவ்வெளிக்கு வந்து, அதன் குளிர்ந்த சீதோஷ்ணத்தை வியந்து எழுதினார். சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்கு அமைத்துக் கொடுத்த ஹம்ப்ரி டேவியின் சகோதரர் இவர். இதே 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜோன் சல்லிவன் நீலகிரியில் ஏறினார் என்பதும் கவனிக்கத்தக்கது. காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் தம் சிப்பாய்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த ஆட்சியாளர், ஒரே காலத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்நாட்டைத் தேடி மலையேறினார்கள்.

1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் வீதி அமைப்பதிலே பெருவிருப்பம் கொண்டவர். கொழும்பையும் கண்டியையும் இணைத்த பெருவீதி அவர் காலத்து வேலை. நுவரெலியாவை நோயாளிச் சிப்பாய்களின் ஆரோக்கிய ஸ்தலமாக ஆக்கியவரும் அவரே. அங்கே தமக்கென்று அவர் கட்டுவித்த மாளிகைதான் பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலாக விரிந்தது. ஆயினும் அவர் போன பின்பு ஊர் தேய்ந்தது, வந்தவர்கள் வேட்டைக்காரரே. அவர்களில் மேஜர் ரோஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்த யானைகளை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அக்காலத்தவரோ அதைப் பெருமையாகவே எழுதினார்கள்.

இவ்வூரின் உண்மையான தொடக்கத்தை நான் சாமுவேல் பேக்கரிடத்திலே காண்கிறேன். வேட்டைக்கென்று இலங்கைக்கு வந்து, காய்ச்சலில் விழுந்து, உடம்பைத் தேற்றிக்கொள்ள நுவரெலியாவுக்கு ஏறிய அந்த வாலிபர், இரண்டு வாரங்களில் சுகம் பெற்றதோடு, இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே ஸ்தாபித்துவிடலாம் என்று மனோராச்சியமும் கட்டினார். 1848இல் தம் குடும்பத்தினரும் வேலைக்காரரும் கொல்லனும், வேட்டை நாய்களும் உயர்ந்த சாதி மாடும் ஆடுகளும், ஏரும் விதையும், குதிரை வண்டியுமாகக் கப்பலேறி வந்தார். ரம்பொடைக் கணவாயின் வளைவுகளில், குதிரைக்காரனின் கவனக்குறைவால் வண்டி பள்ளத்தில் உருண்டு நொறுங்கிற்று. இங்கிலாந்திலிருந்து வந்த பசு ஏற்றத்தைத் தாங்கமாட்டாமல் வழியிலே செத்தது. மேலே போய்ச் சேர்ந்த பின்பும், கருமையைக் கண்டு செழுமை என்று அவர் நம்பிய அந்த மண் எருவில்லாமல் விளையாது என்று தெரிந்தது. என் சிறு வயதில் நான் நசுக்கிப் பார்த்த மண்ணின் கருமையும் பலருடைய உழைப்பால் ஊட்டப்பட்ட செழுமையே என்று, இதைப் படித்த பின்னரே விளங்கிக்கொண்டேன். பேக்கர் சளைக்கவில்லை, எருவிட்டு, காடு வெட்டி, உருளைக்கிழங்கும் மேலைநாட்டு மரக்கறிகளும் பயிரிட்டார். 1855இல் தாய்நாடு திரும்பிய அவர், பின்னர் ஆபிரிக்காவுக்குச் சென்று, 1864இல் அல்பர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். அவர் விட்டுச் சென்ற மரக்கறிப் பாத்தி மட்டும் இங்கே நிலைத்தது.

அதன்பின் வந்தவற்றை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1852இல் பரிசுத்த திரித்துவ தேவாலயம், 1861இல் சிங்கோனாப் பயிருக்கென ஹக்கலைப் பூந்தோட்டம், 1873இல் தேசாதிபதி கிரகரி சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி அமைத்த வாவி, 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ப் மைதானம், 1894இல் செங்கல்லாலான தபாற்கந்தோர் என்று ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. கொழும்பில் புழுக்கம் தாங்காத பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களிலே தேசாதிபதியும் உத்தியோகஸ்தரும் துரைமாரும் குடும்பசகிதம் ஏறிவந்து தங்குவதற்கு 'சீசன்' என்று பெயராயிற்று. குதிரைப் பந்தயமும் நடனமும் மலர்க்கண்காட்சியும் நடந்தேறி, தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டுகிற வேளையிலே, ஜன்னல்களை அடைத்துவிட்டு அவர்கள் கீழே இறங்கிவிடுவார்கள். ஹில் கிளப்பிலே இந்நாட்டவர் அங்கத்தினராக ஏற்கப்பட்டது சுதந்திரத்தின் பின்பும் பல வருஷங்கள் கழிந்தே.

அடைத்த ஜன்னல்களுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்த அந்த மாதங்களில் ஊரிலே இருந்தவர் யார்? அதுவரை மலைநாட்டின் பெரும்பயிராயிருந்த கோப்பிச் செடியின் இலையில் 1869இல் காணப்பட்ட துருநோய் பதினைந்து வருஷங்களுக்குள் அப்பயிரை அழித்துவிட, தேயிலை மலையுச்சி வரை ஏறிற்று. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் ஆட்கள் வந்து போனாற் போதும். தேயிலைக்கோ வருஷம் முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். ஆதலால், திருச்சி, சேலம், மதுரை முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டு, கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, வழிநெடுக வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் உறவினரைப் புதைத்துவிட்டு வந்த குடும்பங்கள், திரும்பிப் போக வழியின்றி மலையிலேயே தங்கின. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்துக் காம்பராவிலே ஒரு குடும்பம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, இடுப்பிலே படங்குச் சாக்கும் தலையிலே கறுப்புக் கம்பளியுமாய், விறைத்த விரல்களால் கொழுந்து கிள்ளும் பெண்கள். அந்தக் கம்பளி ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து பலகைபோலத் தடித்துப்போன அதை, ஒரு வீட்டார் கூரை ஒழுக்குக்குக் கீழே தண்ணீர் வாங்குவதற்காக மடித்து வைத்திருந்தார்கள். துரைமாருக்கு ஆரோக்கியம் தந்த அதே குளிர் அது.

துரைமாரின் பிரயாணத்தைச் சுலபமாக்கிய புகையிரதமும் இம்மக்களின் கையால் ஏறிற்று. பிரதான பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. அங்கிருந்து நுவரெலியாவுக்கு, அக்காலத்து எங்கள் களனிவெளிப் பாதையைப் போன்றே இரண்டரை அடி அகலமுள்ள குறும்பாதை ஒன்று அமைக்கப்பட்டு, 1903இல் நகரத்தை அடைந்து, 1904இல் கந்தப்பளை வழியாக ராகலை வரை நீண்டது. சீசன் காலத்தில் சீமாட்டிகளின் பெட்டிகளை ஏற்றி வந்த அச்சிறு ரயில், மற்றைய காலங்களில் தேயிலைப் பெட்டியையும் அரிசி மூட்டையையும் சுமந்தது. மோட்டார் பஸ்ஸும் லொறியும் போட்டியாய் வந்தபோது அது தாக்குப்பிடிக்கவில்லை. 1940இல் பிரயாணிகள் போக்குவரத்து நின்றது. சில வருஷங்களில் தண்டவாளமே எடுக்கப்பட்டது.

ஊரின் தேய்வும் ஏறக்குறைய அப்பொழுதே தொடங்கிற்று என்று நான் கருதுகிறேன். 1942 ஏப்பிரலில் ஜப்பானியர் கொழும்பின்மீது குண்டு வீசியபோது, பட்டணத்துக் குடும்பங்கள் பல மலைநாட்டை நாடியதால் சிலகாலம் ஊர் நிறைந்திருந்தது மெய்யே. ஆனால் 1948இல் தேசாதிபதிகளின் காலம் முடிந்தது. அவர்களோடு சீசனின் ஆடம்பரமும் முடிந்தது. தோட்டத்துரைமார் ஒருவர் பின் ஒருவராய்க் கப்பலேறினர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பிறகு மிச்சமிருந்தோரும் சென்றனர். பூங்காக்களின் வேலிகள் சாய்ந்தன. வாவி சேறு தட்டிற்று. பங்களாக்கள் ஈரத்தில் இற்றன.

இதைத் துக்கத்தோடு எழுதுகிற ஆங்கில நூல்கள் பல உண்டு. எனக்கோ வேறொரு தேய்வே பெரிதாகத் தோன்றுகிறது. 1947ஆம் வருஷத்துப் பொதுத்தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமானும், அயல் தொகுதியாகிய தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் உட்பட, தோட்ட மக்களின் கட்சியாகிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு வருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுக்கு வாக்களித்த ஜனங்களை நாடற்றவர்களாக்கிற்று. 1952இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் 5,25,000 பேரை இந்தியா ஏற்க, 3,00,000 பேரை இலங்கை ஏற்க என்று, தானியம் அளப்பதுபோல் அவர்களை அளந்து பகிர்ந்தார்கள். மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு ஜனங்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. கடல் கடந்து இறங்கியவர்களில் பலருக்கு நீலகிரியிலே, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. ஒரு துரை கண்டெடுத்த மலையிலிருந்து இன்னொரு துரை கண்டெடுத்த மலைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கே தங்கியவர்களின் கதையிலும் அமைதி இல்லை. 1983 ஜூலையில், கொலன்னாவைக்கு மிக அருகிலுள்ள பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய தமிழருக்கெதிரான வன்முறை, சில தினங்களுக்குள் நுவரெலியா நகரத்தை எட்டி, அங்கிருந்த தமிழர் கடைகளை எரித்தது. கீழேயும் மேலேயும் ஒரே வாரத்தில் எரிந்ததை நினைக்கும்போது, இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் நூறு மைல் என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

இன்று சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பு ஜனங்கள் லட்சக்கணக்காய் மேலே ஏறுகிறார்கள். வாவியிலே படகோட்டி, குதிரையில் ஏறி, குளிருக்கு நடுங்கிப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். சிலர் இதை மறுமலர்ச்சி என்கிறார்கள். வருஷத்தில் இரண்டு வாரமே நிறையும் ஊருக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பது எனக்கு ஐயமே. என் மதிப்பில் ஊர் உயிர்த்திருப்பது கந்தப்பளையிலும் மீப்பிலிமானையிலும் சரிவு சரிவாய்க் கிடக்கும் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகளாலேயே. 1960களில் உருளைக்கிழங்கின் இறக்குமதி தடுக்கப்பட்டபோது அப்பாத்திகள் பெருகின. சிங்கள விவசாயியும், தோட்டவேலை முடிந்து வந்து துண்டுநிலத்தைக் கொத்தும் தமிழரும் அருகருகே நின்று அவற்றைப் பேணுகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விடிகாலையில் கந்தப்பளைக்கு அப்பால், தேயிலைக்கிடையே ஒரே சீரான ஏற்றத்தில் வளைந்து செல்லும் ஒரு மண்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். மலைப்பாதைகள் திடீரென்று ஏறும், திடீரென்று இறங்கும். இதுவோ கணக்குப் பார்த்து வெட்டியதுபோல் மெல்ல மெல்ல ஏறிற்று. எதிரே லீக்ஸ் கட்டைத் தலையில் வைத்து ஒரு மூதாட்டி வந்தார். "பாட்டி, இந்தப் பாதை எங்கே போகிறது?" என்று கேட்டேன்.

"ராகலைக்குங்க தம்பி. முந்தி இதுலதான் கோச்சி போச்சாம். எங்க தாத்தா மண்ணு வெட்டிப் போட்ட பாதையாம்" என்றவர், சுமையைச் சற்று நிமிர்த்திக்கொண்டு, "லொறி ஆறு மணிக்கு வந்திருங்க, நான் வாரேன்" என்று விரைந்தார். அவர் நடந்த வழியெங்கும் லீக்ஸின் வேரிலிருந்து கரிய மண் சிறிது சிறிதாக உதிர்ந்திருந்தது.