எழுதத் தூண்டுவது எது?



முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். “ஐயா, நானும் எழுத்தாளனாக விரும்புகிறேன், எதைப் பற்றி எழுதலாம்?” என்று என்னிடம் கேட்ட மாணவர் பலர். அவர்களுக்கு விடையாக ஒரு பெரியாருடைய வரலாற்றைச் சொல்வது என் வழக்கம்.

1826 ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து வழக்குகளைத் தீர்த்தவர். அக்காலத்தில் மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. வழக்காட வந்த குடிகளுக்கோ தமிழ் ஒன்றே தெரியும். இக்குறையைக் கண்டு அவர் வாளா இருக்கவில்லை. அத்தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் 1862 இல் வெளியிட்டார்.

அதற்கு முன்னரே, 1859 இல், ‘நீதி நூல்’ என்னும் செய்யுள் நூலை அவர் இயற்றியிருந்தார். ஆயினும், யாவரும் படித்து இன்புறத்தக்க வசன நூல்கள் தமிழில் மிகக் குறைவு என்ற எண்ணம் அவரை விடவில்லை. அதன் பயனே 1879 இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. தமிழின் முதல் நாவல் என்று அதனைப் போற்றுகிறோம். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். வசன நூல் இல்லாக் குறையைப் போக்கவும், தம் முந்தைய நூல்களில் கூறிய நீதிகளைக் கதையால் விளக்கவுமே எழுதியதாக முன்னுரையில் அவரே குறிப்பிட்டுள்ளார்.

கதையில் கிளைக்கதைகள் மிகுதி. போதனையும் சற்று மிகுதிதான். எனினும், ஆண் வேடம் பூண்டு அரசாளும் ஞானாம்பாளை வாசகர் மறப்பதில்லை. பெண்கல்வியில் ஆசிரியருக்கிருந்த உண்மையான அக்கறையே அப்பாத்திரத்துக்கு உயிர் தந்தது.

இனி, என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில், ‘மழை’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன், எங்கோ படித்த அலங்காரச் சொற்களை அடுக்கியிருந்தான்; அதனை வகுப்பில் உரக்கப் படித்துப் பாராட்டினேன். மற்றொருவன், கூரை ஒழுகியபோது தன் தாய் அரிசிப் பானையை மூலைக்கு மூலை நகர்த்தியதை எழுதியிருந்தான். பிழைகள் இரண்டைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. அதன்பின் பாடத்துக்கு வேண்டியதற்கு மேல் ஒரு வரியும் அவன் எழுதிக் காட்டியதில்லை. அன்று எழுதும் காரணம் உடையவன் அவனே என்பதைக் காலங்கடந்தே உணர்ந்தேன்.

ஆகவே, புகழ் வருமா என்று எண்ணிப் பேனாவை எடுக்காதீர்கள். உங்கள் கண்முன் உள்ள குறை எது, அதை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நடையைப் பயிற்சியால் பெறலாம். பிழைகளை ஆசிரியர் திருத்துவார். சொல்லவேண்டும் என்ற தவிப்பை மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும்.