ஒரே வாசலுக்கு வரும் இரண்டு பரிசோதனைகள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு பரிசோதனைகள் நடக்கின்றன. ஒன்று, தேயிலைக்குச் சான்றிதழ் தரும் ரெயின்ஃபொரஸ்ட் எலயன்ஸ் தணிக்கை. மற்றது, தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் ஏறி இறங்கும் குடும்ப நல உத்தியோகத்தரின் வேலையை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மேற்பார்வை செய்வது. முதலாவது வருகிறதென்றால் காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே பேச்சு அடிபடும். இரண்டாவது நடந்து முடிந்தது பக்கத்து லயத்துக்கே தெரியாது. ஆனால் இரண்டு பரிசோதகரும் கையாளும் உத்தி ஒன்றுதான்.

தணிக்கையாளர் ஒரு இன்வொய்ஸ் எண்ணைப் பிடித்துக்கொள்கிறார். கொழும்பு ஏலத்துக்குப் போன அந்தத் தூள் எந்த நாளில் அரைபட்டது, அன்றைக்கு எத்தனை கிலோ கொழுந்து நிறுக்கப்பட்டது, அது எந்த மலையிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகிறார். பணிமனையிலிருந்து மேற்பார்வைக்கு வரும் தாதிச் சகோதரியோ ஒரு தாயின் பெயரைப் பிடித்துக்கொள்கிறார். குடும்பப் பதிவேடு, கர்ப்பிணித் தாய்மார் பதிவேடு, வருகைக் குறிப்பு என்று புரட்டி, கடைசியில் அந்தத் தாயின் லயக் காம்பராவுக்கே போய்விடுகிறார். அமெரிக்காவில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் ஜொயின்ட் கமிஷனும் இப்படித்தான் ஒரு நோயாளியின் கோப்பைத் தொடர்ந்து அவர் வீடுவரை போகிறது. அந்தச் சோதனை குறைந்தது 36 மாதத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல் நடக்கும்.

ஆயத்தம் என்று வரும்போது தோட்டத்து இரண்டு பரிசோதனைகளும் பிரிகின்றன. தணிக்கை நாள் பெரும்பாலும் முன்பே தெரியும் என்பதால் தொழிற்சாலைக்கு அவகாசம் உண்டு. வாட்டும் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவலாம், ரோலர் அறைத் தரைக்குப் புதுக் கோடு போடலாம், காலாவதியான தீயணைப்புக் கருவியை மாற்றலாம். இவற்றை வெறும் ஒப்பனை என்று தள்ளிவிட முடியாது. தேய்த்த தொட்டி உண்மையிலேயே சுத்தமான தொட்டி.

குடும்ப நல உத்தியோகத்தருக்கு அந்த வசதி கிடையாது. குழந்தை பிறந்து முதல் பத்து நாளில் இரண்டு முறை, பதினான்குக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் ஒருமுறை, நாற்பத்திரண்டாம் நாளையொட்டி ஒருமுறை என்று அவர் அந்த வீட்டுப் படியேற வேண்டும். பத்து நாளுக்குள் போகாத வருகையை ஐம்பதாம் நாள் ஈடுகட்ட முடியாது. நுவரெலியாப் பக்கத்து மழையில், மேல் கணக்கிலிருந்து கீழ்க் கணக்குக்கு வழுக்குப் பாதையில் இறங்கி நடந்த நடைதான் அவருடைய ஆயத்தம். பதிவேட்டைப் பிறகு அழகாக நிரப்பிவிடலாமே என்று யாராவது சொன்னால், அந்தத் தாயின் கையில் இருக்கும் கர்ப்பகாலப் பதிவு அட்டை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த அட்டையைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். நான் பார்த்த ஒன்று பொலித்தீன் பைக்குள், அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் இரும்புப் பெட்டியில் இருந்தது. விறகுப் புகை வாடை. மூலை சுருண்டிருந்தது. உள்ளே எடை, இரத்த அழுத்தம், தேதிகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு பேனா மையில். ஒரே நாளில் ஒரே பேனாவால் நிரப்பிய பதிவுக்கு இந்த நிற வேறுபாடு வாய்க்காது. தொழிற்சாலைக் கோப்பில் ஒழுங்கு நம்பிக்கை தருகிறது. இங்கே ஒழுங்கின்மைதான் நம்பிக்கை தந்தது.

இரண்டு இடத்திலும் கடைசி மதிப்பெண் போடுவது மூன்றாம் ஆள் என்பது இன்னொரு ஒற்றுமை. தணிக்கையாளர் கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தனியே அழைத்துக் கேட்கிறார். அங்கே துரையோ கணக்கப்பிள்ளையோ இருக்கக் கூடாது. தாதிச் சகோதரி தாயிடம் கேட்கிறார்: "பிள்ளை பால் குடிக்காம சோர்ந்து கிடந்தா என்னம்மா செய்வீங்க?" "மிஸ்ஸுக்கு போன் அடிப்பேன். கிடைக்காட்டி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்." இந்தப் பதில் உத்தியோகத்தரின் வேலைக்கு அத்தாட்சி. மருந்து தெளிக்கிற வேலைக்குக் கர்ப்பிணிகளை அனுப்புவதில்லை என்று அந்தத் தொழிலாளி சொன்னால், அது தோட்டத்துக்கு அத்தாட்சி.

பல நேரம் அந்த இருவரும் ஒரே பெண்தான். அவள் பெயர் சம்பளப் பதிவான செக்ரோலிலும் இருக்கிறது, கர்ப்பிணிப் பதிவேட்டிலும் இருக்கிறது. லயத்துத் தண்ணீர்க் குழாயும் கக்கூசும் தணிக்கையாளருக்கு வீட்டுவசதி விதியாகின்றன, தாதிச் சகோதரிக்கு வயிற்றோட்டத்தின் காரணமாகின்றன.

இரண்டு பரிசோதனைகளின் வேரும் ஒன்றாகவே இருந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு முப்பது நாள் உணவும் உறைவிடமும் தரும் கடமையையும், அந்த நாட்களில் அவளை வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற கடமையையும் தோட்ட நிர்வாகத்தின் மேலேயே வைத்தது. அன்று பிரசவ அறையும் பெரட்டும் ஒரே துரையின் பொறுப்பு. பின்னாளில் தாயின் உடல்நலம் அரச சுகாதாரப் பணிமனையின் கைக்குப் போனது. அவளுடைய தொழில் நிலைமை வெளிநாட்டு வாங்குநர் கேட்கும் சான்றிதழுக்குள் போனது. அரசின் பதிவேடும் சான்றிதழின் கோப்பும் அவளைத் தனித்தனியாக எழுதிக்கொள்கின்றன.

ஒரு வேறுபாடு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தேறிய தேயிலையின் பெட்டியில் பச்சைத் தவளை முத்திரை ஏறுகிறது. லண்டன் கடைக்காரருக்கு அது தெரியும். நான்கு வருகையும் தவறாத ஒரு உத்தியோகத்தரின் பிரிவுக்கு ஒட்டிக்கொள்ள எந்த முத்திரையும் இல்லை. அங்கே நாற்பத்திரண்டாம் நாள் கடைசிக் கட்டத்தில் ஒரு தேதி எழுதப்படுகிறது, அட்டை பொலித்தீன் பைக்குள் திரும்பிப் போகிறது, உத்தியோகத்தர் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த லயத்துக்கு இறங்குகிறார்.