தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்த வகுப்பறை

வகுப்பறை பழையதாகிவிட்டது என்றால் இன்று நாம் கரும்பலகையைக் கழற்றிவிட்டுத் திரையை மாட்டுகிறோம். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரி இதே சிக்கலுக்கு ஊரையே மாற்றி விடை கண்டது.

1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே, பின்னர் வில்லியம் மில்லரின் காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. ஜார்ஜ் டவுனின் நெரிசலுக்குள் அது மேலும் விரிய இடமில்லை. நூறாண்டு நிறைவில், 1937இல், தாம்பரத்தின் சேலையூர்க் காட்டுப்பகுதிக்குக் குடிபெயர்ந்தது. சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி கட்டடங்களை வடிவமைத்தார். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் மரங்களை நட்டு வளர்த்தார். இன்று அவ்வளாகத்தின் பரப்பு ஏறத்தாழ 365 ஏக்கர்.

நகரத்திலிருந்து இவ்வளவு தொலைவு விலகிச் செல்லும் துணிவுக்கு ஒரு புதிய தொழில்நுட்பமும் துணைநின்றது என்று கருதலாம். 1931இல் கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த மீட்டர்கேஜ் வண்டி 2004இல் விடைபெறும்வரை, தென்புறநகர் மாணவர் பல தலைமுறையினருக்கு அதுவே நடமாடும் படிப்பறை.

பாதுகாப்பு? சேலையூர், புனித தோமையார், பிஷப் ஹீபர் என்னும் விடுதிகளைச் சுற்றியே அவ்வளாக வாழ்க்கை அமைந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் முகமறிந்து வாழ்வதே அங்குக் காவல். 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களோ ஏறமுடியாத மதிற்சுவர், கண்காணிப்புக் கேமரா, விரல்ரேகை வருகைப்பதிவு ஆகியவற்றைப் பரிந்துரைத்தன. இரவில் நூலகத்திலிருந்து தனியே திரும்பும் மாணவியை எண்ணும்போது இவற்றை வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓலைச்சுவடியின் எழுத்தைச் சுவரளவு பெரிதாக்கிக் காட்டும் ஒளிப்படக்கருவி, தமிழ் வகுப்புக்குக் கிடைத்த வரம். அதே சுவரின் மூலையில் கேமரா பொருத்தப்பட்ட பிறகு, எங்கள் வகுப்பில் சாதியைப் பற்றியோ அரசைப் பற்றியோ கேள்வி எழுப்புகிறவன் முதலில் அண்ணாந்து அதைப் பார்க்கிறான், பிறகு உட்கார்ந்துவிடுகிறான். வாயிலில் காவல் இருக்கட்டும், நடைவழியில் கேமரா இருக்கட்டும். பாடம் நடக்கும் அறைக்குள் அது வேண்டுமா என்பதை நாம் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அன்று தாம்பரத்துக்குப் போனவர்கள் தேடியது இடத்தை. கேள்வி கேட்பதற்கும் சிறிது இடம் வேண்டியிருக்கிறது.