இரு பருந்துகளும் ஒரு பெயரும்

ஊர்க்குருவி உயர உயரப் பறந்தாலும் பருந்தாகாது என்பது நாமனைவரும் கேட்ட பழமொழி. பிறப்பைக் காட்டி உயர்வு பேசும் அப்பழமொழியோடு நமக்கு உடன்பாடில்லை. அது வேறு கதை. தமிழன் வாய்மொழியில் பருந்து உயரத்தின் அடையாளம் என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் குறுந்தொகை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். 207ஆம் பாடல். பாலை நிலத்து ஓமை மரத்தில் இனத்தைப் பிரிந்து அமர்ந்திருக்கும் பருந்தின் தெளிந்த குரல், அவ்வழிச் செல்வோர்க்குப் பேச்சுத்துணை போலாகிறது. "இது எந்தப் பருந்து, ஐயா?" என்றார் ஒரு மாணவர். நல்ல கேள்வி. நூலகத்திலிருந்து பழைய ஆங்கிலப் பறவை நூலொன்றை வரவழைத்து, அவரையே உரக்கப் படிக்கச் சொன்னோம். 'காமன் பரையா' என்றவர் அச்சொல்லிலேயே நின்றுவிட்டார். வகுப்பும் அடங்கிவிட்டது. அன்று அவருக்குச் சொல்ல நம்மிடம் விடை இல்லை.

பறை என்னும் கருவியின் அடியாகப் பிறந்தது பறையன் என்னும் பெயர். புறநானூற்றின் 335ஆம் பாடல் பழங்குடிகள் நான்கனுள் ஒன்றாக அதைப் பெருமையோடு எண்ணுகிறது. அப்பெயர் ஐரோப்பியர் வாயில் விழுந்து, 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொதுப்பொருள் பெற்றது. 1821இல் காசிமிர் டெலவீன் என்பவரின் நாடகமொன்று அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு பாரிசில் அரங்கேறியது. தெருநாய்க்கும் அதே அடைமொழி கிடைத்தது, ஊர்ப்பருந்துக்கும் கிடைத்தது. சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1862இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலிலும், சாலிம் அலி 1941இல் வெளியிட்ட நூலிலும் இப்பறவை 'பரையா கைட்'தான். வெண்தலையும் செம்மேனியும் கொண்ட மற்றொரு பருந்தோ, 'பிராமினி கைட்'. நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அந்தச் செம்பருந்து!

ஆக, வானத்திலும் இரண்டு சேரிகள் உண்டாக்கப்பட்டன. வேடிக்கை என்னவெனில், 1832இல் கர்னல் சைக்ஸ் ஊர்ப்பருந்துக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது தேர்ந்த சொல் 'கோவிந்தா'. மில்வஸ் மைக்ரன்ஸ் கோவிந்தா என்று அது இன்றும் வழங்குகிறது. திருமாலின் ஊர்தியாகக் கருதப்படும் பறவை ஒன்றிருக்க, திருமாலின் பெயர் மற்றதற்குப் போய்ச் சேர்ந்தது.

உணவைக் கொண்டு இழிவு கற்பித்தார்கள் என்றால், அக்கணக்கும் சரியாக வரவில்லை. கரும்பருந்து கழிவிறைச்சியையும் எலியையும் கோழிக்குஞ்சையும் கொள்ளும். மழைவிட்ட மாலையில் ஈசலைக் காலால் பற்றி, பறந்தபடியே அலகுக்குக் கொண்டுபோகும். செம்பருந்தும் துறைமுகங்களில் மிதக்கும் செத்த மீனையும் கழிவையும் பொறுக்குகிற பறவைதான். நிறமொன்றே வேறு. மரக்கவட்டில் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டுவதும், ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சுகளைப் பேணுவதும் இரண்டுக்கும் பொது. கரும்பருந்து கந்தல் துணியையும் கம்பித் துண்டையும் காகிதத்தையும்கூடக் கூட்டில் சேர்த்துக்கொள்ளும். மனிதர் வீசியெறிந்ததைக் கொண்டு வீடு கட்டத் தெரிந்த பறவை என்பதால்தான் நகரங்கள் அதற்கு ஒத்துப்போயின. பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் கொத்துக் கொத்தாக மடிந்தன. கரும்பருந்தோ நம் குப்பைமேடுகளின் மேல் இன்றும் வட்டமிடுகிறது.

நம் இலக்கணக்காரர் இப்பறவையைப் பார்த்த பார்வையே வேறு. நன்னூலில் பவணந்தியார் சூத்திரநிலை நான்கு கூறுவார். அவற்றுள் ஒன்று பருந்தின் வீழ்வு. எங்கோ உயரத்தில் இருந்தபடி குறிபார்த்து, ஒரே பாய்ச்சலில் இறங்கி, வேண்டியதை மட்டும் கொண்டு மீளுதல். மீன்கடைப் பக்கம் மின்கம்பிகளின் ஊடே பருந்து இறங்கி ஏறுவதை ஒருமுறை கண்டவர்க்கு இவ்விலக்கணம் மறக்காது. நாம் அதைப் பாடமாக உருப்போட்டுவிட்டு, பல ஆண்டுகள் கழித்தே கண்ணால் கண்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இன்றைய ஆங்கிலப் பட்டியல்களில் அப்பழைய அடைமொழி இல்லை. 'பிளாக் கைட்' என்றே எழுதுகிறார்கள். 'பிராமினி' மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த வாரம் மாணவர்களை மீன்சந்தைக்கு அழைத்துச் சென்றோம். இரு பருந்துகளும் ஒரே மீன்குடலுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தன. கேள்வி கேட்ட மாணவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: 'வால் பிளந்திருந்தால் கரும்பருந்து. வட்டமாக இருந்தால் செம்பருந்து.'